காட்சி 47, முப்பது நொடி

என் வேலை மறக்காமல் இருப்பது.
ஏழாம் முறை எடுத்தபோது அவள் குடை
இடது தோளில் சாய்ந்திருந்தது,
எட்டாம் முறை வலது தோளில்.
கண்ணீர் எந்தக் கண்ணிலிருந்து முதலில் இறங்கியது,
காபிக் கோப்பையில் மீதி எத்தனை விரற்கடை,
மேல்கோட்டின் இரண்டாம் பொத்தான்
போட்டிருந்ததா, அவிழ்ந்திருந்ததா,
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.
தொடர்ச்சி என்று அதற்குப் பெயர்.
பதினாறு பகுதி நாடகத்தில்
காதல் தொடர்கிறதோ இல்லையோ
பொத்தான் தொடர வேண்டும்.

குன்சானில், ரயில் வருவதை நிறுத்திவிட்ட ஒரு நிலையத்தில்
அந்த முத்தத்தை எடுத்தோம்.
மார்ச் மாதம். கடற்காற்று காதை அறுத்தது.
லாரித் தண்ணீர் மழையாய்ப் பெய்தது.
கதாநாயகி ஹேராங்குக்குப் பல் கிட்டிவிட்டது.
நாயகனுக்கு மூக்கடைப்பு.
ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே
ஆளுக்கொரு வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு
ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள்.
"இன்னும் கொஞ்சம் ஏக்கம்" என்றார் இயக்குநர் நம்குங்.
பதினான்காம் முறை ஏக்கம் வந்தது.
அது குளிர் என்று எனக்குத் தெரியும்.
அதை மட்டும் எழுதவில்லை.

பிறகு பியோ சங்மோ கையை உயர்த்தினான்.
ஒலிப்பதிவுக்காரன்.
நீண்ட கழியின் நுனியில் ரோமம் போர்த்திய மைக்கைத்
தூண்டில்காரனைப் போல ஏந்தியபடி நாள் முழுக்க நிற்பவன்.
கிளம்புவதற்கு முன்
அந்த இடத்தின் மௌனத்தில் முப்பது நொடி
அவனுக்கு வேண்டும்.
வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவே விழும்
ஓட்டைகளை அடைக்க.
ஒன்றுமே இல்லாமல் விட்டால் என்ன, என்று முன்பொரு நாள் கேட்டிருந்தேன்.
"செத்துப்போனது மாதிரி இருக்கும்.
ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி சும்மா இருக்கும்."
அவன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது
அந்த ஒரு தடவைதான்.

அசையாதீர்கள்.

அறுபது பேர் இருந்தபடி நின்றோம்.
விளக்குக்காரர் தூக்கிய விளக்கோடு,
ஒப்பனைப் பெண் பல்லில் கவ்விய ஹேர்பின்னோடு.
பிளாட்பாரக் கூரையிலிருந்து ஒரு சொட்டு.
யோசித்து யோசித்து
இன்னொன்று.
நான் எழுதிக்கொண்டிருந்தேன், மறதியாக.
சத்தம் எங்கே என்று தேடிய அவன் கண்
என்னிடம் வந்தது.
முறைப்பான் என்று நினைத்தேன்.
பென்சில் நின்றது.
கண் திரும்பிப் போகவில்லை.
யாரும் அசையக் கூடாது,
நானும் முகத்தைத் திருப்பக் கூடாது.
விதி அப்படி.
இருபது நொடி இருக்கும்.
அவன் காதில் ஹெட்ஃபோன்.
அதில் என்ன கேட்டதோ.

போதும் என்றதும் எல்லோரும் சேர்ந்து இருமினோம்.

அடுத்த வாரம் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான்,
பூசான் பக்கம், ஏதோ மீன்பிடிப் படகுக் கதை.
சொல்லிக்கொள்ளவில்லை.
ஒலிக்குறிப்புத் தாளை வழக்கம்போல
என் கோப்பில் செருகியிருந்தான்.
காட்சி 47. மௌனம். முப்பது நொடி.
குறை: பத்தாம் நொடியில் பென்சில் நிற்கிறது.
அதன் கீழே, சிறிய எழுத்தில்:
பயன்படுத்தலாம்.

பதினைந்தாம் பகுதி. சனிக்கிழமை இரவு.
மாங்வோன் சந்தைக்கு மேலே என் ஒற்றை அறையில்
ராம்யனில் முட்டை உடைத்து ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன்.
முத்தத்துக்குப் பாட்டு வைக்கவில்லை.
இசையமைப்பாளருக்குப் பணம் போகவில்லை என்று பேச்சு.
இரண்டு முகமும் நெருங்குகையில்
அடியில் கூரைச் சொட்டு.
எறும்பு காகிதத்தில் நடப்பதுபோல் ஏதோ ஒன்று.
அப்புறம்
அது நின்றது.

ஊரே அழுததாம். அந்த இருவருக்காக,
கிட்டிப்போன பல்லுக்காக.

நான் மட்டும் வேறொன்றைப் பார்த்தேன்.
அருகில் எடுத்ததில் பொத்தான் போட்டிருக்கிறது,
தள்ளி எடுத்ததில் அவிழ்ந்திருக்கிறது.
ஒன்பது வருஷத்தில் முதல் பிழை.
நோட்டைத் தேடி எடுத்தேன்.
பதினான்காம் முறைக்கு நேரே
"பொத்" என்று இருக்கிறது.
அவ்வளவுதான் இருக்கிறது.

ராம்யன் ஊறிக் கூழாகிவிட்டது.
பின்னால் ஓட்டி, ஒலியைக் கூட்டி,
மறுபடி பின்னால் ஓட்டி,
இன்னும் கூட்டி,
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை
ஒன்றும் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.